சேர் சிரிக்காமல் வாசித்த கதைகள்

எமது கல்லூரியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், பாடநூலை மூடி வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளையில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனை வாசித்துக் காட்டுவார். முதலில் வாசித்தது டொம் சோயர் என்ற சிறுவன் வேலிக்கு வெள்ளையடிக்கும் அத்தியாயம். வேலி என்றதும் எங்கள் மனத்தில் எழுந்தது கிடுகும் கதியாலும்தான். அதற்கு எவராவது வெள்ளையடிப்பார்களா என்று நாங்கள் திகைத்ததைக் கண்ட சேர், கரும்பலகையில் நெட்டுக்குத்தாகக் கோடுகள் கீறி, இது பலகை வேலி, நீளம் 30 யார், உயரம் 9 அடி, எங்கள் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப்போல அந்த ஊரில் இதற்கு அடிப்பார்கள் என்று விளக்கினார். தண்டனையாகக் கிடைத்த அந்த வேலையைப் பெரும் பாக்கியம்போலக் காட்டி, மற்றச் சிறுவர்களிடமிருந்து விலை வாங்கிக்கொண்டு டொம் அதைக் கைமாற்றிவிடுகிறான். அன்று மாலைக்குள் அவனுக்குச் சேர்ந்த சொத்துகளின் பட்டியலை, காணி உறுதியை நொத்தாரிசு வாசிக்கும் குரலிலேயே சேர் வாசித்தார்: செத்த எலி ஒன்று, அதைச் சுழற்றுவதற்கு ஒரு கயிறு, எந்தப் பூட்டையும் திறக்காத ஒரு சாவி, ஒற்றைக்கண் பூனைக்குட்டி, நாய் இல்லாத ஒரு நாய்க் கழுத்துப்பட்டி. வகுப்பு சிரித்துப் புரண்டது. சேரின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"நீங்கள் ஏன் சேர் சிரிக்கிறேல்லை?" என்று முன்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சொல்லுறவன் சிரிச்சால் கதை செத்துப் போகும், தம்பி," என்றார்.

அது அவருடைய சொந்தக் கருத்து என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பின்னர் ரொறன்ரோவில் குடியேறி, நூலகத்தில் ட்வைனின் கட்டுரைகளை எடுத்துப் படித்தபோதுதான், கதை சொல்லும் முறையைப் பற்றி 1895இல் அவர் எழுதிய கட்டுரையில் அதே கருத்தைக் கண்டேன். தன் கதையில் சிரிப்பதற்கு ஏதேனும் இருக்கிறது என்ற சந்தேகம்கூடத் தனக்கு இல்லாதவன்போல, சொல்பவன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்ல வேண்டும் என்கிறார் ட்வைன். அதைவிடவும் அவர் அழுத்திச் சொல்வது இடைநிறுத்தத்தைப் பற்றி. சரியான இடத்தில் சரியான அளவுக்கு நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பயன் கெட்டுவிடும். அதற்கு உதாரணமாக அவர் தருவது பொற்கை பறிகொடுத்த பேயின் கதை. சிறுவயதில் தம் சித்தப்பாவின் பண்ணையில், அறுபது வயது அடிமையான டான் என்ற முதியவர் இரவுதோறும் அடுப்படி நெருப்பருகில் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அது. உலகம் போற்றிய ஒரு நகைச்சுவைக் கலைஞர், தம் கலையின் நுட்பத்தை எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஓர் அடிமையிடம் கற்றார் என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாதவனாக இருக்கிறேன்.

ட்வைனின் இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். மிசூரி மாநிலத்தில் 1835 நவம்பர் 30ஆம் திகதி பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹனிபல் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பதினொரு வயதில் தந்தையை இழந்து, விரைவிலேயே அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பழகச் சென்றார். பின்னர் நீராவிக் கப்பலின் மாலுமியாகப் பயிற்சி பெற்று 1859இல் உரிமம் பெற்றார். புனைபெயரும் ஆறு கொடுத்ததுதான். கயிறு விட்டு ஆழம் பார்ப்பவன் "மார்க் ட்வைன்" என்று கூவினால், நீர் இரண்டு பாகம், அதாவது 12 அடி இருக்கிறது, கப்பல் தரை தட்டாது என்று பொருள். எங்கள் கடற்கரைத் தொழிலாளர் இன்றும் பாகக் கணக்கிலேயே ஆழம் சொல்வதால், இந்தப் பெயர் எனக்கு அந்நியமாகத் தோன்றியதே இல்லை. நெவாடாவில் பத்திரிகையாளராக இருந்தபோது, 1863இல் அதைத் தம் பெயராக்கிக்கொண்டார்.

ரொறன்ரோவில் வாழும் எங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டொம் சோயர் நாவலை 1876இல் அமெரிக்கப் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே களவாக அச்சிட்டு மலிவாக விற்றவர்கள் இந்த நகரத்துப் பெல்ஃபோர்ட் சகோதரர்கள். அது ட்வைனை மிகவும் வருத்தியது.

அவருடைய நடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் முதலில் எடுப்பது 1874இல் வெளிவந்த ஒரு சிறிய படைப்பு. எல்மைரா நகருக்கு அருகே, அவர் கோடைகாலங்களில் தங்கி எழுதிய பண்ணையில், மேரி ஆன் கோர்ட் என்ற கறுப்பினப் பெண் சமையல் செய்தார். எந்நேரமும் கலகலப்பாக இருக்கும் அவரிடம், அறுபது ஆண்டுகள் வாழ்ந்தும் உமக்கு ஒரு துன்பமும் வராமற்போனது எப்படி என்று ட்வைன் அறியாமையாற் கேட்கிறார். அதன் பிறகு ட்வைன் அநேகமாகப் பேசுவதேயில்லை. கணவரையும் ஏழு பிள்ளைகளையும் ஏலத்தில் விற்றுப் பிரித்த நாளையும், கடைசி மகனைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டதையும் அந்தப் பெண்ணே தம் பேச்சுமொழியில் சொல்லி முடித்து, தமக்குத் துன்பமும் இல்லை, இன்பமும் இல்லை என்று நிறுத்துகிறார். கதை அங்கேயே முடிகிறது. ஆசிரியர் ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. வேறெவரும் அந்த இடத்தில் ஒரு வரியாவது இரங்கி எழுதியிருப்பார்கள்.

இந்தப் பயிற்சியின் முழுப்பலனை ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் காண்கிறோம். பள்ளிக்கூடத்தை வெறுக்கும் ஒரு பையனே முழுக்கதையையும் தன் பேச்சில் சொல்கிறான். நூலின் தொடக்கக் குறிப்பில், இதில் பல வட்டார வழக்குகளைக் கையாண்டிருப்பதாகவும், எதுவும் குத்துமதிப்பாக எழுதப்படவில்லை, எல்லாம் மிகுந்த சிரமத்தோடு செய்யப்பட்டவை என்றும் ட்வைன் கூறுகிறார். அமெரிக்காவில் நூல் வெளிவந்த 1885இலேயே, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் நகர நூலகம் அதைத் தகாத நூலென்று விலக்கியது. தப்பியோடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை எழுதி முடித்த ஹக், ஜிம் தன்மீது வைத்த அன்பை நினைத்து, நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கும் இடம் அதில் வருகிறது. காட்டிக்கொடுப்பதே அறம் என்று ஊரும் ஆலயமும் அவனுக்குக் கற்பித்திருந்தன. தான் செய்வது பாவம் என்றே அவனும் நம்புகிறான். அந்த நம்பிக்கையோடுதான் கிழிக்கிறான். அந்தப் பக்கத்தை வாசித்த வெள்ளிக்கிழமை, சேர் "கிழித்தேன்" என்ற சொல்லுக்கு முன் நிறுத்திய நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பின்வாங்கிலும் எவரும் அசையவில்லை.

செல்வமும் புகழும் ட்வைனைக் காக்கவில்லை. எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் பெரும் பணத்தை இட்டு இழந்தார்; 1894இல் அவருடைய பதிப்பகமும் முறிந்தது. சட்டப்படி முழுக்கடனையும் தீர்க்கும் கட்டாயம் இல்லாதபோதும், கொடுத்தவர்கள் அனைவருக்கும் முழுவதுமாகத் திருப்பிக் கொடுப்பதென்று உறுதிகொண்டு, ஏறக்குறைய அறுபது வயதில் மனைவியோடும் மகள் கிளாராவோடும் உலகைச் சுற்றி உரை நிகழ்த்தப் புறப்பட்டார். 1898இல் கடன் தீர்ந்தது. இடையில், 1896 ஆகஸ்டில், ஊரில் விட்டுச்சென்ற மூத்த மகள் சூசி 24 வயதில் நோயுற்று இறந்தாள். அப்போது தந்தை இங்கிலாந்தில் இருந்தார்.

அந்தப் பயணத்தில்தான், 1896 ஜனவரியில், அவர் கொழும்பில் இறங்கினார். வீதியில் கண்ட உடைகளின் நிறங்களில் அவர் மெய்மறந்து நின்றதை அவருடைய பயண நூல் சொல்கிறது. அந்தக் காட்சியின் நடுவே, மிஷன் பாடசாலையொன்றிலிருந்து 16 சிறுமியர், ஐரோப்பிய உடையில், இருவர் இருவராக நடந்து வருகிறார்கள். அந்த உடைகளின் அழகின்மை அவரைத் துன்புறுத்துகிறது. பிறகு தம் வீட்டுப் பெண்களின் உடையைப் பார்த்து அவர்களோடு வீதியில் நிற்க வெட்கப்படுகிறார். அதன் பின் தம் உடையைப் பார்த்துத் தம்மோடு தாமே நிற்க வெட்கப்படுகிறார். சில நாள் கழித்துப் பம்பாய் விடுதியில், வெள்ளைக்காரர் ஒருவர் பணியாளரின் கன்னத்தில் அறைந்ததைக் கண்டதும், அடிமைகள் அறை வாங்கிய தம் மிசூரிச் சிறுவயது ஒரு கணத்தில் திரும்பி வந்ததாக அதே நூலில் எழுதுகிறார்.

சேர் எங்களுக்குக் கடைசியாக வாசித்தது அந்தக் கொழும்புப் பக்கத்தைத்தான். எங்கள் கல்லூரியும் மிஷனரிமார் தொடங்கியதே. வாசித்து முடித்துப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, அவர் எதுவும் விளக்காமல் யன்னலோரம் போய் நின்றார். நான் குனிந்து என் வெள்ளைச் சட்டையையும், அதன் பையில் தைத்திருந்த இலச்சினையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.