மண்ணை யார் கொடுத்தார்?

குடிமைப் பணித் தேர்வின் (யுபிஎஸ்சி) இறுதி முடிவு வந்து, மதிப்பெண்ணும் பார்த்தாயிற்று. இந்த முறை பட்டியலில் இருக்கிறேன். போன முறை என் விருப்பப் பாடமான தத்துவத்தின் இரண்டாம் தாளில் 250-க்கு மூன்றிலக்கம்கூட வரவில்லை. "கடவுளைத் திட்டினாயல்லவா, அதான்" என்று அம்மா சொன்னார். பாதி உண்மை.

எங்கள் வீட்டில் அப்பா பகுத்தறிவு பேசுகிறவர். அந்தச் சூட்டோடு சமயத் தத்துவப் பகுதியில் நுழைந்தேன். படைத்தவர் உண்டா என்று எப்படிக் கேட்டாலும் என் விடை ஒன்றுதான்: 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு, ஆகவே படைத்தவர் தேவையில்லை. அந்தக் கருத்துக்கு 1931-ல் வித்திட்ட லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டியதை அவர் ரசிக்கவில்லை என்பதும் தெரியாது.

இரண்டாம் முயற்சியில், ஒரு மாதிரித் தேர்வில், தர்க்கத்துக்குப் பேர்போன பழைய இந்தியத் தத்துவப் பள்ளியான நியாய தரிசனத்தின் வாதத்தை எழுதினேன். குடம் இருந்தால் குயவர் இருப்பார், உலகமும் உண்டாக்கப்பட்ட பொருள், ஆகவே ஈசுவரன். "சூனியத்திலிருந்து படைப்பது சாத்தியமில்லை" என்று மறுத்தும் விட்டேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "மண்ணை யார் கொடுத்தார்?"

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நியாயத்தில் அணுக்கள் என்றென்றும் உள்ளவை. ஈசுவரன் நிமித்த காரணம் மட்டுமே, அதாவது இருக்கும் பொருளை வைத்துச் செய்பவர். அவர்கள் சொல்லாத ஒன்றை மறுத்திருக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் இது இன்னும் தெளிவு: மண் முதற்காரணம், தண்டசக்கரம் (குயவரின் கோலும் சக்கரமும்) துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். மாயை, சக்தி, இறைவன் என்று பொருத்திப் பாருங்கள்.

அன்றிலிருந்து பேனாவை எடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்வேன்: இது உலகம் எப்போது தொடங்கியது என்ற கேள்வியா, எதைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்வியா? மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இடைக்காலக் கிறித்தவத் தத்துவவாதி அக்வினாஸ் இரண்டாவது கட்சி. உலகுக்குத் தொடக்கம் உண்டென்று தர்க்கத்தால் நிறுவ முடியாது, அது விசுவாசம் என்று அவரே சொல்லிவிட்டார். அவர்மீது பெருவெடிப்பை வீசிப் பயனில்லை. அங்கே பிரிட்டன் தத்துவவாதி ரஸ்ஸல் உதவுவார். 1948 பிபிசி விவாதத்தில், கடவுள் உண்டென்று வாதிட்ட பாதிரியார் கொப்பிள்ஸ்டனிடம் கேட்டார்: ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு, அதற்காக மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டா?

அப்புறம், அவசரக் குறிப்புகள்:

- சாங்கியம்: கன்றுக்குப் பால் தானே சுரப்பதுபோல, அறிவற்ற மூலப்பொருளான பிரகிருதி தானே இயங்குகிறது என்பது இந்தத் தரிசனம். சங்கரரின் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள்: சுரக்க வைப்பது பசுவின் பாசம், பசுவுக்கு உயிர் உண்டு.
- மீமாம்சைத் தத்துவவாதி குமாரிலர்: உடம்பில்லாதவருக்குப் படைக்கும் ஆசை எப்படி வந்தது? வேதத்தை ஏற்பவரே இதைக் கேட்கிறார். இங்கே ஆத்திகம் என்றால் வேதத்தை ஏற்பது; அது வேறு, ஈசுவர நம்பிக்கை வேறு.
- எளிமை நாத்திகரின் சொத்தல்ல. படைத்தவர் பலராக ஏன் இருக்கக்கூடாது என்று ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹியூம் கேட்பதற்கு, நியாயத்தில் லாகவம் என்று பதில் இருக்கிறது: ஒருவர் போதுமென்றால் பலரைக் கற்பிக்காதே.
- மணிமேகலையில் பூதவாதி (எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்பவர்) சொல்லும், தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து கள் ஆகும் உவமை உணர்வு தோன்றுவதற்கு. உலகத் தோற்றத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.
- கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு வாதத்துக்கு ஒரே பெயர் வையுங்கள். உலகம் இருப்பதைக் கொண்டு கடவுளை நிறுவும் ஒரே வாதத்தை (cosmological argument) ஒரே விடையில் 'அண்டவியல் வாதம்', 'உலகியல் வாதம்' என்று எழுதி வைத்தேன். திருத்தியவர் இரண்டு வாதம் என்றே நினைத்திருப்பார்.

நான் சண்டைக்காரன். அதனால் எதிர்த்தரப்பை முதலில், அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதப் பழக ஆறு மாதம் ஆனது. பொறுமைசாலிகளுக்கு ஒரு வாரம் போதும். 150 சொல் விடையில் பாதியை அதற்கே கொடுத்தேன். என் சொந்த முடிவுக்குக் கடைசி இரண்டு வரி. அது அப்பாவின் கட்சிதான், மாறவில்லை.

சிவப்பு மை விடைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள், படமெடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது.