அறுபத்தி நாலாவது கை

கஜா புயல் அடிச்சு பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும், வேதாரண்யம் பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்ட்ல உக்காந்திருந்தவங்க எல்லாரையும் பாஸ்டர் கண்ண மூடச் சொன்னார். நான் மூடல, மூடக்கூடாது, அதான் என் வேலையே. சபை ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன் நான், ட்ரிப்புக்கு வந்ததும் அந்த நோட்டோடதான். அரிசி எத்தனை மூட்டை, போர்வை எத்தனை, தார்ப்பாய் எத்தனை, கையெழுத்து, போட்டோ, எல்லாம் முடிஞ்சு கடைசி கட்டத்துல "தீர்மானம்". அதாவது இயேசுவை ஏத்துக்கிறேன்னு கை தூக்குனவங்க எண்ணிக்கை. ஒவ்வொரு கையா எழும்ப எழும்ப நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்க இழுத்துக்கிட்டே வந்தேன். 63.

கண்ண மூடாம இன்னொரு ஆளும் இருந்திருக்காங்கன்னு ஆமென் சொல்லி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது. அம்பது வயசு இருக்கும், முட்டி வரைக்கும் சேறு காஞ்சு போயிருந்த சேலை, நேரா எங்கிட்ட வந்தாங்க. "தம்பி, நான் கை தூக்கல. எனக்குத் தார்ப்பாய் உண்டா இல்லையா?"

நான் சொன்னது, "லிஸ்ட்டப் பாக்கணும்மா."

இது பொய் இல்ல. டோக்கன் 150, தார்ப்பாய் 90தான். கூரை போன கீத்து வீடுகளுக்கு மட்டும்னு உள்ளூர்ப் பையன் ஒருத்தன் வீடு வீடாப் போய் எழுதிக் குடுத்த லிஸ்ட் அது, கை தூக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதைத்தான் சொல்லியிருக்கணும். "அது வேற இது வேறம்மா"ன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்? நான் பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். அவங்க என் கையில இருந்த பேனாவையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் ஸ்கூல் பிள்ளை மாதிரி வலது கைய தோள் வரைக்கும் தூக்கி, "இந்தா தூக்கிட்டேன், எழுதிக்கப்பா"ன்னாங்க.

பேரு மூணாவது பக்கத்துல இருந்துச்சு, அவங்க கைய இறக்குறதுக்குள்ளயே கண்டுபிடிச்சிட்டேன். தார்ப்பாய்க்கு டிக் போட்டேன். அதோட நிறுத்தாம இந்தப் பக்கம் திருப்பி ஒரு கோடும் போட்டேன். 64.

ஏன் போட்டேன்னு இத்தனை வருஷமா யோசிக்கிறேன். ஒரு நேரம் தோணும், தூக்குனாங்க, எழுதுனேன், மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாக்க நான் யாரு. முதல்ல தூக்கின 63 பேர் மனசை மட்டும் நான் பாத்தேனா என்ன? அப்ப அந்த 63ம் சந்தேகம்தானேன்னு அடுத்த கேள்வி வரும், அங்க போய் நின்னுக்குவேன். நான் விசுவாசிதான், சுவிசேஷம் சொல்றது தப்புன்னு எனக்கு இன்னைக்கும் தோணல. எங்க தாத்தா குடும்பத்துக்கே யாரோ ஒருத்தர் பஞ்ச காலத்துல கஞ்சி ஊத்தித்தான் சபை அறிமுகம் ஆச்சுன்னு வீட்டுல சொல்லுவாங்க, அதைச் சாட்சியா சொல்லிச் சந்தோஷப்படுற குடும்பம் நாங்க. அப்ப அந்தக் கஞ்சிக்கும் ஒருத்தர் பக்கத்துல நின்னு கோடு போட்டிருப்பாரோ என்னமோ.

ஆனா அந்தம்மா பக்கத்துல இருந்து பாத்தா வேற மாதிரி. தென்னை எல்லாம் ஒரே திசைக்குப் படுத்துக் கெடக்கு, புதுசா வச்சாலும் காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், கரண்ட் இல்ல, ஊர்ல காசு வசூல் பண்ணி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத்தான் டேங்க்ல தண்ணி ஏத்துறாங்க. வர்ற வண்டியெல்லாம் மெயின் ரோட்டோட போயிடுதுன்னு உள்ளடங்குன ஊர்க்காரங்க ரோட்டை மறிக்கிறாங்க, எங்க வேனையும் ரெண்டு இடத்துல மறிச்சாங்க. அப்படி ஒரு நேரத்துல ஒருத்தன் நோட்டும் பேனாவுமா நின்னு, தூக்குற கைய மட்டும் எண்ணிக் குறிச்சுக்கிறான். அவங்க போட்ட கணக்குதான் சரியான கணக்கு. அந்த இடத்துல நான் இருந்தா நானும் தூக்கியிருப்பேன், ரெண்டு கையையும்.

2015 சென்னை வெள்ளத்துல நிவாரணப் பொட்டலத்துல ஸ்டிக்கர் ஒட்டுனாங்கன்னு நாங்களே வாட்ஸாப்ல எவ்ளோ கிண்டல் பண்ணோம். எங்க அரிசிப் பையிலயும் சபை பேர் ஸ்டிக்கர்தான், உள்ள சுவிசேஷக் கைப்பிரதி வேற. முதல் நாள் ராத்திரி உக்காந்து ஒட்டுனதே நான்தான், அப்ப ஒண்ணும் உறுத்தல.

கொஞ்ச நேரத்துல அந்தம்மா திரும்பி வந்தாங்க, தார்ப்பாய் மடிப்பைக்கூடப் பிரிக்கல. "கட்டுறதுக்குக் கயிறு குடுக்கலியே தம்பி." 90 தார்ப்பாய் வாங்குன எங்களுக்குக் கயிறு வாங்கணும்னு தோணவே இல்ல. வேன் மேல சாமானைக் கட்டியிருந்த நைலான் கயிற அவுத்துக் குடுத்தேன், வர்ற வழியில சேர் எல்லாம் ஆடுதுன்னு டிரைவர்கிட்ட திட்டும் வாங்குனேன். இந்தக் கயிறு விஷயத்தை நான் ரொம்பப் பேர்கிட்ட சொல்லியிருக்கேன். கோடு போட்டதைச் சொன்னதில்ல.

ஞாயித்துக்கிழமை ஆராதனையில ரிப்போர்ட் வாசிச்சாங்க, "64 ஆத்துமாக்கள்"னு. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும்தான் தட்டுனேன். பிற்பாடு ஒரு ட்ரெயினிங்ல செஞ்சிலுவைச் சங்கமும் மத்த தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994ல வெளியிட்ட நடத்தை விதிகளைக் காட்டுனாங்க, உதவிய வச்சு எந்த மதக் கருத்தையும் அரசியலையும் வளர்க்கக்கூடாதுன்னு அதுல இருக்கு. காபி பிரேக்ல கூட வந்த பிரதர், "அது ஃபாரின் ஃபண்டு வாங்குறவங்களுக்குப்பா, நம்ம காணிக்கைக் காசுல செய்றோம்"ன்னார். தலையாட்டிட்டேன். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கற மாதிரிதான் அப்ப இருந்துச்சு, தட்டுல விழுற பத்து ரூபாயும் இருவது ரூபாயும் எண்ணுறவன் நான், அந்த விதவைங்களும் கூலிக்காரங்களும் எதுக்குப் போடுறாங்கன்னு எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்துல ஏரல் பக்கம் போனோம். இந்த வாட்டி பொருளை முதல்ல குடுத்துடுவோம், ஜெபம் அப்புறம், இருக்கிறவங்க இருக்கட்டும்னு நான்தான் அடம்பிடிச்சேன். கயிறும் வாங்கியிருந்தேன். படிவத்துல "தீர்மானம்" கட்டத்தை மட்டும் எடுக்கல. எடுத்தா ஏன்னு கேப்பாங்க, பதில் சொல்லணும்.

பையை வாங்குனதும் பெரும்பாலும் கிளம்பிட்டாங்க. அந்தப் பக்கம் ஏற்கனவே சபைக்குப் போறவங்க நிறைய, அவங்களுக்கே வீட்டுச் சேறு அள்ள வேண்டியிருந்துச்சு. பதினோரு பேர் உக்காந்தாங்க. அதுல ரெண்டு பேர் கேட் வரைக்கும் போயிட்டு, திரும்பிப் பாத்துட்டு, வந்து உக்காந்தவங்க. பைய வாங்கிட்டு அப்படியே போறது மரியாதையா இருக்காதுன்னு வந்திருப்பாங்களா, உண்மையிலயே ஜெபத்துக்குத்தானா, எனக்குத் தெரியல. நான் நோட்டை மூடி வச்சிட்டு இந்த வாட்டி கண்ணையும் மூடிக்கிட்டேன்.

ராத்திரி பாஸ்டர் போன் பண்ணி, "என்ன பிரதர், எண்ணிக்கையே எழுதல, ஆளும் ரொம்பக் கம்மியாமே?"ன்னு கேட்டார்.

"மழைங்க பாஸ்டர்"ன்னேன். அன்னைக்கு நல்ல வெயிலு.