சின்ன பிஸ்டல் வாங்கும் முன்: எங்கே சிக்கும், எப்படிச் சோதிப்பது

அமெரிக்காவில் மறைத்து வைத்துக்கொள்வதற்காக முதல் பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் பலரும் கடையில் இருப்பதிலேயே சின்னதைத்தான் எடுக்கிறார்கள். எடை தெரியாது, சட்டைக்குள் துருத்தாது என்பது காரணம். அது சரிதான். ஆனால் துப்பாக்கியின் உடல் சிறுக்கச் சிறுக்க அதைச் சுடுவது கடினமாகிறது, சிக்குவதும் (தோட்டா ஏறாமலோ காலிக் கூடு வெளியேறாமலோ நின்றுபோவது) அதிகமாகிறது. அதனால் நாம் சொல்வது இதுதான்: உங்கள் உடுப்புக்குள் மறையக்கூடியதில் பெரியதை வாங்குங்கள். வாங்கிய பிறகும், உங்கள் கையில், உங்கள் தோட்டாவோடு ஓடிக் காட்டும் வரை அதை இடுப்பில் வைக்காதீர்கள்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் ஒருவர் தன் துப்பாக்கியைச் 'சும்மா சுட்டுப் பார்' என்று நீட்டினாலும் விசாவில் இருப்பவருக்கு அது சட்டச் சிக்கல்தான். சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் கேட்காமல் வக்கீலிடம் கேளுங்கள். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. நியூஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் தோட்டாவை (மூக்கில் குழியுள்ளது, பட்டதும் விரியும்) வெளியே எடுத்துச் செல்வதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. மாநில எல்லை தாண்டிக் காரில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி துப்பாக்கி. சின்னது ஏன் சிக்குகிறது என்று புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். சுட்டதும் ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னே போகிறது, வெடித்த தோட்டாவின் காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது, திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஏற்றுகிறது. கிளாக் 19 போன்ற நடுத்தர பிஸ்டலில் இதற்கு வேண்டிய எடையும் தூரமும் இருக்கின்றன. மூன்று அங்குலக் குழல் உள்ள குட்டி பிஸ்டலில் ஸ்லைடு லேசானது, ஓடும் தூரமும் குறைவு. அதே 9 மி.மீ தோட்டாவின் உதையைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்கமாக வைக்கிறார்கள். ஸ்லைடு வேகமாகப் போய் வேகமாகத் திரும்புகிறது. அதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியிருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தோட்டாவின் மூக்கு ஏறுபாதையில் (சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவு) முட்டி நிற்கும், அல்லது ஸ்லைடு தோட்டாவைத் தொடாமலே மூடிக்கொள்ளும். பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் சின்னச் சின்னக் குறைகளை (சோர்ந்த ஸ்பிரிங், அழுக்கு, வலுவில்லாத தோட்டா, தளர்ந்த பிடி) குட்டித் துப்பாக்கி பொறுக்காது.

இதில் தளர்ந்த பிடியைத்தான் ஆட்கள் நம்ப மறுக்கிறார்கள். ஸ்லைடு முழுதாகப் பின்னே போக வேண்டுமானால் கீழ்ச்சட்டம் (கைப்பிடி உள்ள அடிப்பகுதி) அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னே போகிறது, ஓட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. காலிக் கூடு வெளியேறும் வாயிலேயே நட்டுக்கொண்டு நிற்கும். சுண்டுவிரல் வைக்க இடமில்லாத கைப்பிடியில் இது இன்னும் அதிகம். அடியில் சிறு நீட்டிப்பு உள்ள மேகசின் கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள். அரை அங்குலம் கூடினாலும் மூன்றாவது விரலுக்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்று கட்டைவிரல். குட்டி பிஸ்டலில், ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோல் இடது பக்கத்தில், இரு கட்டைவிரல்களும் வந்து அமரும் இடத்துக்கு வெகு அருகில் இருக்கும். விரல் அதன் மேல் படுத்திருந்தால், கடைசித் தோட்டா போன பிறகு ஸ்லைடு திறந்து நிற்காமல் மூடிக்கொள்ளும். உதையில் விரல் அதைக் கீழிருந்து மேலே தட்டினால், தோட்டா மீதமிருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்றுவிடும். பலர் இதைத் துப்பாக்கியின் குறை என்று திருப்பி அனுப்புகிறார்கள். முதலில் அதே மேகசினோடு இன்னொருவரைச் சுடச் சொல்லுங்கள். அவருக்கு வரவில்லை என்றால் உங்கள் விரலைப் பாருங்கள். அவருக்கும் வந்தால் மேகசினை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதிவைப்பது இதற்காகத்தான். எண் போடாவிட்டால் எந்த மேகசின் சிக்குகிறது என்று கடைசி வரை தெரியாது.

எதை வாங்குவது? 9 மி.மீ-இல் சந்தையை மாற்றியது 2018-இல் வந்த சிக் பி365. குழல் 3.1 அங்குலம், எடை அரை கிலோ அளவு, மேகசினில் 10 தோட்டா. அதற்கு முன் இதே அகலத்தில் வந்த கிளாக் 43-இல் 6 தான். பி365 வந்த புதிதில் ஸ்டிரைக்கர் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) உடைவதாகப் புகார்கள் எழுந்தன, பிறகு சரிசெய்தார்கள். எந்தக் கம்பெனியானாலும் புது மாடல் வந்த முதல் வருடத்தில் அவசரப்படாமல் இருப்பது நல்லது. 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. அதே வருடம் கிளாக் 43எக்ஸ் நீண்ட கைப்பிடியோடு வந்தது. 2021-இல் ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு பிளஸ். இவற்றில் முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு நாம் சொல்வது 43எக்ஸ் அல்லது ஷீல்டு பிளஸ். முழுக் கையும் பிடியில் அமர்கிறது, கொஞ்சம் எடை இருப்பதால் உதையும் தணிகிறது. மறைப்பதில் தொந்தரவு தருவது குழலின் நீளத்தைவிடக் கைப்பிடியின் நீளமே என்பது உண்மை. ஆனால் அதை ஹோல்ஸ்டரால் (துப்பாக்கி உறை) சமாளிக்கலாம், பிடிக்க முடியாத கைப்பிடியை எதனாலும் சமாளிக்க முடியாது.

அதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால், 9 மி.மீ-ஐவிட வலு குறைந்த .380 தோட்டா போடும் பிஸ்டல்தான். ரூகர் எல்சிபி 270 கிராம் அளவுதான், பேன்ட் பாக்கெட்டில் மறைந்துவிடும். ஆனால் அதன் குறிபார்க்கும் மேடு மிகச் சிறியது, உதை உள்ளங்கையைக் குத்தும், 50 தோட்டா சுட்டால் போதும் என்றாகிவிடும். பயிற்சி எடுக்க மனம் வராத துப்பாக்கியை முதல் துப்பாக்கியாக வாங்கக் கூடாது. கையில் பலம் குறைந்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் சின்னதைத் தேடி இதற்கு வருகிறார்கள், அதுவும் தவறான திசை. அவர்களுக்கு உடல் சற்றுப் பெரிய ஷீல்டு ஈஇசட் .380 பொருந்தும், அதன் ஸ்லைடை இழுப்பது உண்மையிலேயே லேசு. தோட்டா சின்னது என்பதால் ஸ்லைடும் லேசாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வால்டர் பிபிகே-யும் .380 தான். அதில் சுடும்போது குழலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் உதையைத் தடுக்கின்றன, அதனால் இழுக்கக் கடினம்.

ரிவால்வரையும் ஒதுக்கிவிட முடியாது. ஸ்மித் அண்ட் வெசன் 442, 642 போன்ற ஐந்து தோட்டா .38 ரிவால்வர்களைத் தளர்ந்த பிடி சிக்க வைக்காது, மேகசின் பற்றிய கவலையும் கிடையாது. விலையாக, நீளமான கனத்த ட்ரிகர், கடும் உதை, மெதுவான மறுநிரப்பல். சிக்கவே சிக்காது என்பதும் பொய். லேசான ரிவால்வரில் உதையால் கூட்டிலிருந்து குண்டு முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுக்கலாம். கூடு தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் போனாலும் சிலிண்டர் இறுகும்.

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது குழல் குட்டை என்பதை நினைவில் வையுங்கள். நான்கு அங்குலத்திலிருந்து மூன்றுக்கு வரும்போது வேகம் குறைகிறது. வேகம் போதாவிட்டால் ஹாலோ பாயிண்ட் விரியாது, துணி நார் வாயை அடைத்தாலும் விரியாது. எஃப்.பி.ஐ சோதனையில் ஜெலட்டினுக்கு (உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் கட்டி) முன் துணியும் வைக்கிறார்கள், 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்று பார்க்கிறார்கள். 9 மி.மீ-க்குக் குட்டைக் குழலுக்கென்றே செய்த தோட்டாக்கள் கிடைக்கின்றன. .380-இல் விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது என்ற இழுபறி இருப்பதால், சிலர் ஹாலோ பாயிண்டே வேண்டாம் என்று உருண்டை மூக்குத் தோட்டாவை எடுக்கிறார்கள். அது உடலைத் துளைத்துப் பின்னால் இருப்பவர் மேலும் படலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். வாங்கியதும் தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்து, கையேட்டில் சொன்ன இடங்களில் மட்டும் புது எண்ணெய் ஒரு துளி. பிறகு சாதாரணப் பயிற்சித் தோட்டா 200, நடுவில் சுத்தம் செய்யாமல், எல்லா மேகசின்களையும் மாற்றி மாற்றி. சிக்கினால் எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், எப்படிச் சிக்கியது என்று அங்கேயே எழுதுங்கள். மேகசினின் முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும் சிக்கினால் சந்தேகம் மேகசின் ஸ்பிரிங் மேல். கூடு சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டால் எக்ஸ்ட்ராக்டரையும் (கூட்டை இழுக்கும் கொக்கி) சேம்பர் அழுக்கையும் பாருங்கள். அடுத்து, இடுப்பில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்டில் குறைந்தது 50. விலை வலிக்கும், ஆனால் பயிற்சித் தோட்டா ஓடியது என்பதால் இதுவும் ஓடும் என்று சொல்ல முடியாது, மூக்கின் வடிவமே வேறு. கொஞ்சம் ஒற்றைக் கையால், வலது, இடது இரண்டிலும் சுடுங்கள். இந்த 50-இல் ஒன்று சிக்கினாலும் காரணம் கண்டு சரிசெய்து, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஹோல்ஸ்டருக்குப் பணம் ஒதுக்காமல் துப்பாக்கி வாங்காதீர்கள். ட்ரிகர் வளையத்தை முழுதாக மூடுகிற, அந்த மாடலுக்கென்றே வார்த்த கெட்டியான கைடெக்ஸ் (கடின பிளாஸ்டிக்) உறை வேண்டும். எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறையில் வாய் சப்பிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது சட்டை நுனியோ, ஜாக்கெட்டின் கயிறோ வளையத்துக்குள் போனால் துப்பாக்கி வெடிக்கும், குண்டு தொடையில் இறங்கும். செருகும்போது விரல் வெளியே நீட்டியிருக்க வேண்டும், கண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவசரமே கூடாது. பாக்கெட்டில் வைப்பதானால் பாக்கெட்டுக்கான உறையோடு, அந்தப் பாக்கெட்டில் சாவி, பேனா எதுவும் இல்லாமல். வீட்டுக்கு வந்தால் குழந்தைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது, பூட்டுப் பெட்டி மட்டுமே.

தினமும் தோட்டாவை இறக்கி ஏற்றுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அதே தோட்டா திரும்பத் திரும்ப ஏறுபாதையில் மோதும்போது குண்டு கூட்டுக்குள் அமுங்குகிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவை மேசையில் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் குட்டையானது கண்ணுக்கே தெரியும். தெரிந்தால் அதைத் திரும்ப ஏற்றக் கூடாது, சுடவும் கூடாது. அமுங்காமல் இருக்கும்போதே அவ்வப்போது பயிற்சியில் சுட்டுத் தீர்த்துப் புதியதை ஏற்றுங்கள்.

மாதம் ஒருமுறை மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு நூல் தூசியைத் தட்டுங்கள். பாக்கெட்டில் வைப்பவர்களுக்குக் குழல் வாயிலும் ட்ரிகருக்குப் பின்னாலும் பஞ்சு சேரும். குட்டி பிஸ்டலில் ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பெரியதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை என்பதை உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள், சுட்ட எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பழையது வாங்கினால் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுத் திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று ரூகர் 2008-இல் ஆரம்பகால எல்சிபி-க்களைத் திரும்ப அழைத்தது. அப்படி அழைத்தால் பாகத்தைப் பொதுவாகக் கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும்.