குவிமாடத்துக்கு இடப்பக்கம் படியுங்கள்

உயர்வெப்பநிலை மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) என்றதும் கட்ட வரைபடத்தின், அதாவது கலப்பின் அளவும் வெப்பநிலையும் மாற மாறப் பொருள் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் படத்தின், நடுவில் இருக்கும் மீக்கடத்தல் குவிமாடத்தைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். பிஎச்.டி நேர்காணலில் என்னைக் குடைந்ததெல்லாம் அதற்கு இடப்பக்கம், கலப்பு குறைவாக இருக்கும் பகுதி.

முதல் கேள்வியே, எதுவும் கலக்காத தாய்ப்பொருளான லாந்தனம் காப்பர் ஆக்சைடு ஏன் உலோகமாக இல்லை என்பதுதான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பெரிதாகத் தடுக்காது என்று கொள்ளும் பட்டைக் கொள்கைப்படி அது மின்சாரம் கடத்த வேண்டும். ஆனால் ஒரே தாமிர அணுவில் இன்னொரு எலக்ட்ரான் ஏற ஆகும் ஆற்றல் மிக அதிகம். அதனால் எலக்ட்ரான்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. இப்படிக் கடத்தாமல் போவதுதான் மாட் காப்பான். சுமார் 325 கெல்வினுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள்) எதிரெதிராக அடுக்கிக்கொள்கின்றன. இதுதான் காந்த ஒழுங்கு.

அடுத்த கேள்வி நல்ல கேள்வி. தாமிரத்துக்குப் பதில் துத்தநாகத்தை 20 சதவீதம் போட்டாலும் காந்த ஒழுங்கு தாங்குகிறது. லாந்தனத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம் 2 சதவீதம் போட்டாலே போய்விடுகிறது. ஏன்?

வண்ணாரப்பேட்டையில் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கும். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருமாறு நான்குக்கு நான்காகக் காய்களை அடுக்குங்கள். ஒன்றை எடுத்தால் மற்றவை அப்படியே இருக்கும். துத்தநாகம் செய்வது அதுதான். பக்கத்துக் காயை அந்தக் காலியிடத்துக்குத் தள்ளிப் பாருங்கள், கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வந்துவிடும். ஸ்ட்ரான்சியம் தரும் துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம், ஓடுகிற துளை. அது உண்மையில் பெரும்பாலும் ஆக்சிஜனில்தான் உட்காருகிறது, கேரம் போர்டில் அது வராது. அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மின்தடை. 2001-இல் யோய்ச்சி ஆண்டோ குழு வெளியிட்ட அளவீடுகளை அவசியம் பாருங்கள். 1 சதவீத ஸ்ட்ரான்சியத்திலேயே, அறை வெப்பநிலைப் பக்கம், குளிரக் குளிர மின்தடை குறைகிறது, உலோகம் மாதிரி. காந்த ஒழுங்கு தொடங்கும் இடத்திலும் துளைகளின் ஓட்டம் தடைபடுவதில்லை. இன்னும் குளிர்ந்தால்தான் துளைகள் சிக்கிக்கொண்டு மின்தடை மேலே ஏறுகிறது. "காந்த ஒழுங்கு இருந்தால் காப்பான்" என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். பலர் மாட்டுவது இங்கேதான்.

2 சதவீதத்துக்கும் சுமார் 5 சதவீதத்துக்கும் இடையில் ஸ்பின் கண்ணாடி (ஸ்பின்கள் ஒழுங்கில்லாமல் உறைந்த நிலை), அதைத் தாண்டினால் மீக்கடத்தல். வரைபடத்தைப் பார்க்காமல் கையால் வரைந்து பழகுங்கள், போர்டில் வரையச் சொல்வார்கள். தாமிர அணுக்களுக்கு எட்டில் ஒரு பங்கு துளைகள் இருக்கும்போது வரும் கோட்டு ஒழுங்கைப் (துளைகளும் ஸ்பின்களும் கோடு கோடாக அடுக்கிக்கொள்வதை) பற்றிக் கேட்டால், 1995-இல் டிராங்க்வாடா குழு நியூட்ரான் சிதறலில் கண்டதைச் சொன்னால் போதும்.