24 கதவுகளும் கறித்தூள் வாசமும்

ஜேர்மனியில் கிண்டர்கார்டனுக்குப் போகும் பிள்ளையிடம் டிசெம்பர் முதலாம் திகதி மற்றப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு உன் கதவுக்குள் என்ன இருந்தது? அட்வென்ட்ஸ்கலண்டர் என்பது டிசெம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு கதவு, கதவுக்கொரு சொக்லேட். இங்கே நத்தார்ப் பரிசு கொடுப்பது 24ஆம் திகதி மாலையில் என்பதால் 25ஆம் கதவு இல்லை. நான்கு மெழுகுதிரி வைத்த அட்வென்ட் வளையம் வேறு விடயம். அது நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளுக்கானது, தொடங்கும் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கடைக் கலண்டர் வாங்குவதானால் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். மலிவானவற்றில் பல 75 கிராம்தான். அதாவது ஒரு துண்டு 3 கிராமுக்குச் சற்று மேல், நாக்கில் வைத்ததும் போய்விடும். பால் சொக்லேட்டில் கொக்கோ 30 சதவீதமாவது இருக்கட்டும். ‘ஃபெட்கிளாசுவர்’ என்ற சொல் இருந்தால் அது கொக்கோ கலந்த வேறு கொழுப்புப் பூச்சு, சொக்லேட் அல்ல. மரக்கறி வீட்டார் ‘கெலாட்டினே’ (விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்) என்ற சொல்லையும், எல்லோரும் ‘அல்கொஹோல்’ (மது) என்ற சொல்லையும் தேட வேண்டும். பெரியவர்களுக்கான மதுச் சொக்லேட் கலண்டர்களும் அதே அடுக்கில்தான் நிற்கும். 2012இல் ஸ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட் என்ற ஜேர்மன் பொருட்சோதனை அமைப்பு 24 கலண்டர்களைச் சோதித்தபோது எல்லாவற்றின் சொக்லேட்டிலும் கனிம எண்ணெய்த் தடயம் இருந்தது. பழைய தாளில் செய்த மட்டையின் அச்சு மையிலிருந்தும் அது வரும். ஆகவே சொக்லேட்டை மட்டையிலிருந்து பிரித்து, தனித்தனித் தாளில் சுற்றி வைத்த கலண்டருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீணல்ல.

மட்டைக் கலண்டரை நிமிர்த்தி எடுத்து வந்தால் துண்டுகள் குழியை விட்டு வழுகி அடியில் குவிந்துவிடும். 5ஆம் கதவு வெறுமையாய்க் கிடக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. நவம்பர் 30 இரவே பக்கவாட்டு மடிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டை இழுத்துப் பார்த்து, விழுந்தவற்றை அதனதன் குழியில் வைத்து மூடுங்கள்.

எங்கள் விருப்பம் வீட்டில் செய்வதே. அச்சிட்ட கலண்டரைப் பரப்பிய மியூனிக் பதிப்பாளர் கெர்ஹார்ட் லாங்குக்கும் சிறுவயதில் தாய் மட்டையில் 24 இனிப்புகளை ஒட்டிக் கொடுத்தார் என்றுதான் சொல்வார்கள். 24 சிறு தாள்பைகள், ஒரு சணல் கயிறு, மரக் கிளிப்புகள், இலக்க ஒட்டிகள் போதும். துண்டு 10 கிராம் என்றால் 240 கிராம் வேண்டும். பாத்திரத்தில் ஒட்டுவதும் உடைவதும் சேர்த்து 400 கிராம் கூவெர்ட்யூர், அதாவது உருக்கி ஊற்றுவதற்கான சொக்லேட், வாங்குங்கள்.

பால் கூவெர்ட்யூரில் மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் 45 பாகைக்கு உருக்கி இறக்குங்கள். மீதியைப் பொடியாய் நறுக்கிச் சிறிது சிறிதாய்ப் போட்டுக் கிளறி 30 பாகைக்குக் கொண்டுவாருங்கள். கறுப்புச் சொக்லேட்டுக்கு 31, 32. கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள்: ஐந்து நிமிடத்தில் மினுங்கி இறுகினால் அச்சில் ஊற்றலாம். இறுகாவிட்டால் இன்னும் கிளற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் சில நாளில் சாம்பல் படியும். தின்னலாம், ஆனால் மினுக்கமும் மொறுக்கென்று உடையும் தன்மையும் போய்விடும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. ஒரு சொட்டு ஆவி விழுந்தாலும் உருகிய சொக்லேட் கட்டிபட்டுவிடும். பனங்கட்டிப் பாகு ஊற்ற ஆசை வரும், அதுவும் அதையே செய்யும். கிறீம் கலந்த உள்ளீடு 24 நாள் தாங்காது. வறுத்த கஜு, வறுத்த எள்ளு, 250 கிராமுக்குக் கால் தேக்கரண்டி ஏலக்காய்த் தூள் — இவை கெடாமல் இருக்கும்.

நம் வீடுகளில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. சொக்லேட் சுற்றியுள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும். கறித்தூள், பெருங்காயம் இருக்கும் அலுமாரியிலோ, சாம்பிராணி போடும் சாமித்தட்டுக்குப் பக்கத்திலோ ஒரு வாரம் இருந்தால் கடித்தவுடனே தெரியும். குசினியில் தாளிக்கும் வாசமும் திறந்த தாள்பைக்குள் ஏறும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். ஹைசுங்குக்கு (அறைச் சூடாக்கிக்கு) மேலே தொங்கவிட்டால் உருகிச் சாம்பல் படியும். பிறிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரம் கோத்து வெள்ளைப் புள்ளி விழும். 15 முதல் 18 பாகை வரையுள்ள படுக்கையறையோ நடையோ நல்லது.

இரண்டு பிள்ளைகள் என்றால் நாளை மாற்றி மாற்றிப் பிரிக்க வேண்டாம். 24ஆம் நாள் யாருக்கு என்று சண்டை வரும், பைக்கு இரண்டு போடுங்கள். 6ஆம் பையில் சின்னது போதும், அன்று காலை நிக்கொலவுஸ் தாத்தா சப்பாத்துக்குள் இனிப்பு வைத்திருப்பார். கிண்டர்கார்டன் கலண்டருக்கு ஏதும் கொண்டுவரச் சொன்னால், கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பைகளை இலக்க ஒழுங்கில் தொங்கவிடாமல் கலந்து விடுங்கள். ஜேர்மனில் 24ஐ நான்கை முதலில் சொல்லி இருபதைப் பிறகு சொல்வார்கள், நம் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுவது. அன்றைய இலக்கத்தை உரக்கச் சொல்லிவிட்டுப் பையைத் தேடட்டும்.