கிரேடவுனைத் தாண்டி ம்சிங்காவுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து, உள்நாட்டு ஜூலு கிராமப் பகுதியான ம்சிங்கா போய்வர ஒரு நாள் போதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை என்3 நெடுஞ்சாலை, அங்கிருந்து ஆர்33 சாலை. நியூ ஹனோவர் பக்கம் கரும்பு, பிறகு வாட்டில் மரம், பைன் தோப்புகள். கிரேடவுனில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ம்சிங்காவின் முக்கிய ஊரான டுகேலா ஃபெர்ரி அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான்; ஆனால் சாலையில் மாடுகள் நிற்கும், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கீட்ஸ் டிரிஃப்ட் இறக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள். பின்னால், மேட்டில், பச்சைப் பண்ணைகள். கீழே முள்மரம், கற்றாழை, மழைநீர் அறுத்த செம்மண் ஓடைகள். "மழை கிடையாது, அதான் வறுமை" என்பார்கள் நம்மவர்கள், இங்குள்ள இந்தியர்கள். பாதிதான் சரி. இத்தனை பேரை இந்தப் பள்ளத்தாக்கில் நெருக்கியது மழை இல்லை.

1840களின் இறுதியில் நேட்டால் குடியேற்றத்தின் பிரிட்டிஷ் அதிகாரி ஷெப்ஸ்டோன் 'லொகேஷன்' என்ற ஒதுக்கிடங்களுக்கு எல்லை வகுத்து ஜூலு மக்களை ஒதுக்கினார். 1849இல் குடிசை வரி, குடிசைக்கு 7 ஷில்லிங்; பின்னாளில், 1875இல், அது 14 ஷில்லிங் ஆனது. மனைவிக்கொரு குடிசை என்பதால் பெரிய வீட்டுக்குப் பெரிய சுமை. ஆனாலும் நிலமும் மாடும் கையிலிருந்தவரை அவர்கள் கரும்புத் தோட்டக் கூலிக்கு எளிதில் வரவில்லை. அதனால்தான் 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை மாதம் 10 ஷில்லிங் கூலிக்கு டர்பனில் இறக்கியது. ஒப்பந்தம் முடித்த நம்மவர்மேல் 1895இல் சட்டமாக்கிய 3 பவுண்டு வரியும் அதே உத்திதான்: வரியைக் கட்டு, இல்லையேல் தோட்டத்துக்கே திரும்பு.

ஆண் தலைக்கு 1 பவுண்டு என்று 1905இல் வந்த வரிதான் கிரேடவுன் அருகே ம்பான்சா பள்ளத்தாக்கின் தலைவர் பம்பாதாவை 1906இல் ஆயுதம் எடுக்க வைத்தது. 1913 நிலச் சட்டம் ஆப்பிரிக்கருக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம் ஒதுக்கியது. 1936இல் அது ஏறத்தாழ 13.

ம்சிங்காவை நிறைத்த இன்னொரு கதை மேற்கே, வீனனில். அங்கே வெள்ளையர் பண்ணையில் குடியிருக்கவும் மாடு மேய்க்கவும் வாடகை, ஆண்டுக்கு ஆறு மாத உழைப்பு. 'இசிதுப்பா' என்பார்கள். 1969இல் இந்த முறையைத் தடை செய்ததும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. பலர் வந்து சேர்ந்த இடம் இந்தக் காய்ந்த பள்ளத்தாக்கு. மேய்ச்சல் தாங்கவில்லை, மண் அரித்தது, ஆண்கள் ஜோஹன்னஸ்பர்க் சுரங்கங்களுக்குப் போனார்கள். சுரங்கத் தூசு நுரையீரலைக் கெடுத்தால் காசநோய் எளிதில் பிடிக்கும். 2006இல் உலகமே திரும்பிப் பார்த்த மருந்துக்கு அடங்காத காசநோய், டுகேலா ஃபெர்ரி மருத்துவமனையில்தான் தெரியவந்தது: 53 நோயாளிகளில் 52 பேர் இறந்தார்கள்.

ஊருக்குள் ஆற்றோரப் பாசன நிலத்தைப் பார்க்காமல் வராதீர்கள். ஒரு பாத்தி 0.1 ஹெக்டேர், உழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்த நிலம் 1994 முதல், ஜூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில். தனிப் பட்டா இல்லாததால் அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்க முடியாது. விதை, உரம் எல்லாம் கைக்காசுதான். சாலையோரம் தக்காளியும் முட்டைக்கோசும் விற்பார்கள். சில்லறை கொண்டுபோங்கள், பேரம் பேசாதீர்கள்.