கேஸ் ஏற்றுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் யாங்கூனில் ஏசி கடைகளின் முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றுதான்: "அண்ணே, கூலிங் பத்தலை, கொஞ்சம் கேஸ் ஏத்திவிடுங்க." கடைக்காரரும் டப்பாவை மாட்டி ஏற்றிவிடுகிறார். இரண்டு நாள் தேவலாம் போல இருக்கும், பிறகு பழைய கதைதான். கடும் வெயிலில் ஏசி மந்தமாவதற்குப் பெரும்பாலும் கேஸ் குறைவு காரணமில்லை. வண்டிக்குள்ளிருந்து இழுத்த சூடு முன்பக்கத்தில் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அந்த நேரத்தில் மேலும் கேஸ் ஏற்றினால் இருக்கிற குளிர்ச்சியும் போய்விடும்.

ஏன் என்று பார்ப்போம். நம் ஊரில் ஓடும் ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது சூட்டைக் காற்றில் விட்டுத் திரவமாக வேண்டும். சூடு தானாக இறங்க வேண்டுமானால் கேஸ் வெளிக்காற்றைவிட நன்றாகவே சூடாக இருக்க வேண்டும். வெளியே 30 டிகிரி இருக்கும்போது கேஸ் 50 டிகிரியில் திரவமானால் போதும். அப்போது அழுத்தம் சுமார் 175 பிஎஸ்ஐ. 40 டிகிரி வெயிலில் அது 60 டிகிரிக்கு ஏறுகிறது, அழுத்தம் 230. யாங்கூனின் ஹ்லெடான் சந்திப்பில் முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையும் தார்ச்சாலையின் அனலும் சேர்ந்து கிரில்லுக்குள் நுழையும் காற்றே 50 டிகிரி ஆனால், கேஸ் 70 டிகிரிக்குப் போய் அழுத்தம் 290ஐத் தொடும். கம்ப்ரசர் கூடுதலாக உழைத்தும் குளிர்ச்சி குறைவாகவே வரும். 2024 ஏப்ரல் 28 அன்று ஐராவதிக் கரையில் உள்ள சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் கன்டென்சரில் படிந்த ஒரு விரல் தூசிகூட வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

முதல் சோதனைக்குக் கடைக்குப் போக வேண்டாம். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றும், தண்ணீர் நான்கு லிட்டரும் போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியை முழுக் குளிரில், ப்ளோயரை உச்சத்தில், உள்காற்றுச் சுற்றில் வையுங்கள். தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, எஞ்சின் ஐடிலில் பத்து நிமிடம் ஓடட்டும். அளவு ஓரிடத்தில் நின்றதும் கிரில் வழியாகக் கன்டென்சர் முழுவதும் படும்படி தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். ஒன்றிரண்டு டிகிரி எந்த வண்டியிலும் இறங்கும். ஓரிரு நிமிடத்தில் ஐந்து டிகிரிக்கு மேல் மளமளவென்று இறங்கினால் கேஸ் குறையவில்லை, கம்ப்ரசரிலும் பெரிய கோளாறு இல்லை. குற்றவாளி பெரும்பாலும் கன்டென்சர், அல்லது அதன் வழியே காற்றை இழுக்கும் ஃபேன். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் ஆளுக்கொரு வாளி ஊற்றும்போது ஏசி திடீரென்று நன்றாக வேலை செய்வதாகத் தோன்றினால், காரணமும் இதுவேதான்.

ஃபேனைச் சோதிக்க ஒரு தாள் போதும். ஏசி ஓடும்போது கன்டென்சரின் முன்னால் தாளைப் பிடித்தால் அது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் நழுவினால் ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கும். தாள் வெளியே தள்ளப்பட்டால் மோட்டாரை மாற்றியவர் வயரைத் திருப்பி மாட்டிவிட்டார், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நின்றதும் அனலடிக்கும் வண்டிகளில் முதலில் ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபேன் சுற்றுகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய மோட்டார் சுற்றும், ஆனால் காற்றை இழுக்காது.

அடுத்தது கன்டென்சர். முன்பக்கம் பளபளவென்று தெரிந்தால் அதை நம்ப வேண்டாம். தூசி, பூச்சி, பாலிதீன் துண்டு எல்லாம் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் சிக்கிக் கம்பளி மாதிரி படிந்து கிடக்கும். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். ரேடியேட்டரின் மேல் பிராக்கெட்டைக் கழற்றி, அதைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, உள்பக்கமிருந்து வெளியே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பை நேராக அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிக் காற்றுவழியே அடைபட்டுவிடும். குழாய் அழுத்தம் போதும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சும், அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்றே சுற்றிவந்து மறுபடி கன்டென்சருக்குள் போகும். அழகுக்காக கிரில்லின் முன்னால் மாட்டிய கூடுதல் விளக்கையும் கம்பியையும் வெயில் காலத்தில் கழற்றிவைப்பது நல்லது.

தண்ணீர் தெளித்தும் அளவு அசையவில்லையா? அப்போதுதான் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்ட வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்து, "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். நின்ற வண்டியில் அழுத்தம் காட்டுவது வெப்பநிலையை மட்டும்தான். 35 டிகிரியில், உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் சுமார் 115 பிஎஸ்ஐதான் காட்டும்.

ஆனால் அதே நின்ற அழுத்தம் வேறொன்றை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியில், வெயில் படும் முன், எஞ்சினைத் தொடாமல் அளந்தால் 30 டிகிரிக்கு 97 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கூடுதலாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. எத்தனை டப்பா ஏற்றினாலும் அது தீராது. மொத்தத்தையும் எடுத்து, வெற்றிடம் இழுத்து, புதிதாக நிரப்ப வேண்டும்.

ஓடும்போது, வெளியே 38 டிகிரி, எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் இருக்கையில், அழுத்தம் குறைந்த பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் குழாய்) 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்ந்த பக்கம் (கம்ப்ரசரிலிருந்து கேஸ் போகும் குழாய்) 220 முதல் 260 வரை இருந்தால் ஆரோக்கியம். இரண்டும் ஏறி 55க்கும் 320க்கும் மேலே நின்றால் கேஸ் அதிகம், அல்லது காற்று, அல்லது கன்டென்சர் அடைப்பு. இரண்டும் இறங்கியிருந்தால்தான் கேஸ் குறைவு. குறைந்த பக்கம் 70, உயர்ந்த பக்கம் 150 என்று இரண்டும் நெருங்கிவந்தால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது, அல்லது அதன் கன்ட்ரோல் வால்வ் கெட்டிருக்கிறது. முதல் கால்மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு குறைந்த பக்கத்து முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, நிறுத்திவைத்து எடுத்தால் மறுபடி குளிர்ந்தால், உள்ளே ஈரம் இருக்கிறது. திரவத்தை அழுத்தம் குறைத்துக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் அது பனிக்கட்டியாகி வழியை அடைக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றாமல் அது போகாது.

கேஸை எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பானெட்டின் அடியில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எழுத்து புரியாவிட்டாலும் கிராம் கணக்கு புரியும். சின்ன வண்டிகளுக்கு 350 முதல் 550 கிராமுக்குள் இருக்கும். ஐம்பது கிராம் கூடினாலே வெயிலில் தெரியும், ஏனென்றால் மிச்சத் திரவம் கன்டென்சரின் அடிக்குழாய்களில் தேங்கி, சூட்டை வெளியேற்றும் பரப்பைச் சுருக்கிவிடுகிறது. கேஸ் குழாயிலுள்ள கண்ணாடித் துளையில் குமிழி மறைகிறவரை ஏற்றுவது, பழைய ஆர்-12 கேஸ் காலத்துப் பழக்கம். ஆர்-134ஏவில், அதுவும் கடும் சூட்டில், சரியான அளவிலும் சில குமிழிகள் தெரியும்.

வெற்றிடம் குறைந்தது அரைமணி நேரம் இழுக்க வேண்டும். பிறகு கேஜ் வால்வை மூடிப் பதினைந்து நிமிடம் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் கரண்ட் போவது நம் ஊரில் தினசரி நடப்பு. பம்ப் நின்ற நொடியில் வால்வை மூடாவிட்டால், தடுப்பு வால்வ் இல்லாத மலிவான பம்புகளில் பம்பின் எண்ணெய் வண்டிக்குள் உறிஞ்சப்படும், கூடவே வெளிக்காற்றும் நுழையும். ஜெனரேட்டர் இல்லாத கடையானால், கரண்ட் நிச்சயமாக இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மலிவு டப்பாக்களில் கவனம் வேண்டும். ஆர்-134ஏ என்று எழுதியிருந்தாலும் உள்ளே வேறு இருக்கலாம். 2011இல் போலிக் கேஸில் கலந்திருந்த ஆர்-40 (மெத்தில் குளோரைடு) அலுமினியத்தோடு வினைபுரிந்ததால், கப்பலில் சரக்கு ஏற்றும் குளிர்ப்பெட்டிகள் வெடித்து, உயிர்களும் போயின. சமையல் கேஸ் வகையறாவைக் காரில் ஏற்றுவதும் அதேபோல ஆபத்து. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் கசிந்தால் அது நேராக ஆட்கள் உட்காரும் இடத்துக்குத்தான் வரும்.

கம்ப்ரசர் காலையில் ஓடி, மதியம் சூடேறியதும் நின்றுவிடுகிறதா? கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்ச்சின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளந்து பாருங்கள். 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை சாதாரணம். தேய்ந்து அகன்றுவிட்டால், சூட்டில் பலம் குறைந்த காந்தக் காயிலால் தட்டை இழுக்க முடியாது. நடுவிலுள்ள மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கம்ப்ரசரையே மாற்றச் சொல்வதற்கு முன் இதைக் கேளுங்கள்.

சில்லறை விஷயங்களும் உண்டு. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரை ஜப்பானிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஃபில்டரே இல்லாத வண்டியில் தூசி நேராகக் கூலிங் காயிலில் அப்பிவிடும். காற்று பலமாக வந்தும் குளிரில்லை, கேஜும் சரி என்றால், ஹீட்டர் பக்கம் பாருங்கள். இங்கே யாருக்கும் ஹீட்டர் தேவையில்லை, ஆனால் அதன் கதவு முழுதாக மூடாவிட்டால் குளிர்ந்த காற்று மறுபடி சூடாகித்தான் வெளியே வரும். ஹீட்டர் ஹோஸைத் துணி சுற்றி இடுக்கியால் அழுத்திப் பிடித்து, வென்ட் குளிர்கிறதா பார்த்தால் தெரிந்துவிடும்.

எதிர்பார்ப்பையும் ஊருக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள். மாந்தளையின் வறண்ட 42 டிகிரியைவிட, யாங்கூனில் மழைக்கு முந்தைய புழுக்கமான 36 டிகிரிதான் ஏசிக்குக் கடினமாக இருக்கலாம், ஏனென்றால் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே பாதிச் சக்தி போகிறது. அந்த நாளில் ஓடும் வண்டியில் வென்ட் 10 முதல் 14 டிகிரி காட்டினால் ஏசி நன்றாகவே இருக்கிறது. வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டவில்லை, கால்மிதி நனைகிறது என்றால் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மின்சாரக் கம்ப்ரசருக்கு அதற்கென்று உள்ள மின்காப்பு எண்ணெய்தான் (டொயோட்டாவில் என்டி-11) போட வேண்டும். மற்ற வண்டிகளுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெட்டு, விலையுயர்ந்த கம்ப்ரசர் வீணாகும். மற்ற வண்டிகளின் கேஸ் ஏற்றிய ஹோஸிலேயே அந்த எண்ணெய் ஒட்டியிருக்கும், ஆகவே ஹைப்ரிடுக்குத் தனி ஹோஸ் வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள். வேலை முடிந்ததும் எத்தனை கிராம் கேஸ், எந்த எண்ணெய், எந்தத் தேதி என்று ஒரு டேப்பில் எழுதி ஜப்பான் ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்.